அந்தக் கொடியைக் கொஞ்சம் கழட்டி விடுங்கோ

முதலே சொல்லிவிடுகிறேன், நான் கணனி படிக்கிற பிள்ளை இல்லை. கலைப்பீடம், மூன்றாம் வருடம், மொழியியல். வீட்டில் பிரிண்டர் வேலை செய்யாட்டிக்கூட என்னைக் கூப்பிட மாட்டினம், தம்பியைத்தான் கூப்பிடுவினம். இந்தக் கட்டுரை மென்பொருள் பற்றியது என்று நினைத்து ஓடிப்போக வேண்டாம். இது பெயர்ப்பலகை பற்றியது.

போன வருடம் விஞ்ஞான பீடத்தில் படிக்கிற சிநேகிதன் ஒருவன், "நீ மொழி படிக்கிற ஆள்தானே, ஒரு உதவி செய்" என்று என்னை ஒரு கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்குள் இழுத்துவிட்டான். குறிப்பெடுக்கிற செயலி. விளம்பரம் இல்லை, காசு கேட்காது, டேட்டா முடிந்தாலும் வேலை செய்யும். பரீட்சை நேரம் நோட்ஸ் ஒழுங்குபடுத்த அருமையான சாமான். உலகத்தின் நாலு மூலையிலும் இருக்கிற ஆக்கள் தங்கட நேரத்தைப் போட்டு, சம்பளம் இல்லாமல் செய்கிறார்கள். அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர்கள் விட்ட பிழையை அவர்களைவிட நூறு மடங்கு பெரிய ஆக்களும் விடுகிறார்கள், பிறகேன் சின்ன ஆக்களைப் பிடித்து ஏசுவான்?

அவர்களுடைய இணையத்தளத்தில் மேல் மூலையில் மொழியைத் தெரிவுசெய்கிற பட்டியல் இருந்தது. திறந்தேன். எல்லா மொழிப் பெயரும் ஆங்கிலத்தில், ஆங்கில அகரவரிசையில். சுவீடிஷுக்குக் கீழே, தெலுங்குக்கு மேலே தமிழ். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு குட்டிக் கொடி. சிங்களத்துக்குப் பக்கத்தில் இலங்கைக் கொடி. தமிழுக்குப் பக்கத்தில் இந்தியக் கொடி. சரி எண்டு அழுத்தினேன். முதல் இரண்டு பந்தி தமிழ் மாதிரி ஏதோ ஒன்று. "இடது" என்று வரவேண்டிய பொத்தானில் "விட்டுச் சென்றது" என்று கிடந்தது. அதுக்குக் கீழே பக்கம் முடியும்வரை ஆங்கிலம்.

ஒரு சொல், ஒரு பொட்டளவு படம். அதுக்குள்ள இவ்வளவு பிழை விடலாம் எண்டு அண்டைக்குத்தான் விளங்கினது.

பெயரில் இருந்தே தொடங்குவோம். எங்கட அம்மா பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல்வரை ஒரு எழுத்து விடாமல் வாசிப்பா. ஆங்கில எழுத்துகள் தெரியும், ஆனால் ஐம்பது அறுபது ஆங்கிலப் பெயர்கள் உள்ள பட்டியலுக்குள் தன்ர மொழியைத் தேடு என்றால் போனை என்னட்டத் தந்துவிடுவா. தமிழ்ப் பக்கம் யாருக்குத் தேவை? ஆங்கிலம் ஓடாதவருக்கு. அவர் அதைக் கண்டுபிடிக்கிறதுக்கு முதலில் ஆங்கிலம் வாசிக்க வேண்டும். பூட்டின அலுமாரிக்குள்ள திறப்பை வைத்தது மாதிரி. விக்கிப்பீடியாவைப் பாருங்கள், எந்த மொழிப் பக்கத்தில் நின்றாலும் பட்டியலில் தமிழ் "தமிழ்" என்றுதான் இருக்கும், அரபு அரபு எழுத்தில் இருக்கும், யப்பானியம் யப்பானிய எழுத்தில் இருக்கும். வாசிக்கத் தெரியாத பெயர் உங்களுக்கான பெயர் இல்லை, தாண்டிப் போய்விடலாம். இவ்வளவு எளிய விசயம்.

இப்ப கொடிக்கு வருவோம். எனக்கு இதில்தான் கோபம் வந்தது, மறைக்கவில்லை.

கொடி என்பது நாட்டுக்கு உரியது. மொழிக்குக் கொடி கிடையாது. ஸ்பானிய மொழிக்கு ஸ்பெயின் கொடியைப் போட்டால், அதைவிடக் கூடுதலான ஸ்பானியம் பேசுபவர்களைக் கொண்ட மெக்சிக்கோக்காரன் என்ன செய்வான்? அரபுக்கு எந்தக் கொடி? சுவிற்சர்லாந்துக் கொடியைப் போட்டால் அது ஜேர்மனா, பிரெஞ்சா, இத்தாலியனா, ரோமான்ஷா? தமிழ் இந்தியாவில் ஒரு மாநிலத்தின் ஆட்சிமொழி, இலங்கையில் அரசகரும மொழி, சிங்கப்பூரில் நாலு உத்தியோகபூர்வ மொழிகளில் ஒன்று. மலேசியாவில் தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. இதில் ஒரு கொடியைத் தெரிவுசெய் என்றால் அந்தக் கேள்வியே பிழை.

இதையெல்லாம் விடுதியில் பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு ஒரு விரிவுரை மாதிரி அடித்துக்கொண்டிருந்தேன். அவள் ஹட்டன் பக்கம், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். என் போனை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "எங்க தாத்தாவோட தம்பி குடும்பத்த எல்லாம் அப்பவே கப்பல்ல ஏத்தி அனுப்பிட்டாங்க. இப்ப வெப்சைட்டும் நம்மள அனுப்பி வைக்குதா?"

நான் வாயை மூடிவிட்டேன். எனக்கு அந்தக் கொடி ஒரு தகவல் பிழை, கூடிப்போனால் ஒரு எரிச்சல். அவளுக்கு அது வேறு. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். ஏறத்தாழ ஒன்பதே முக்கால் இலட்சம் பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், மூன்று இலட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று இரண்டு தலைவர்கள் மேசையில் இருந்து பிரித்தார்கள். அதன் பிறகும் பல தசாப்தங்களாகக் குடிசன மதிப்பீட்டில் அவர்களுக்கு இருந்த பெயர் "இந்தியத் தமிழர்". "மலையகத் தமிழர்" என்று தங்களைச் சொல்லிக்கொள்வதற்கு அந்த மக்கள் இன்றைக்கும் வாதாடுகிறார்கள். ஒரு பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்பது சின்ன விசயம் இல்லை என்று அவளுக்கு யாரும் மொழியியல் படிப்பிக்கத் தேவையில்லை.

அந்த இணையத்தளத்தைச் செய்தவருக்கு இது ஒன்றும் தெரிந்திருக்காது. தெரியவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், கொடியே வேண்டாம். ஒவ்வொரு மொழியின் சரித்திரத்தையும் படித்துப் போட்டுச் சரியான கொடியைப் போடு என்று யாரையும் கேட்கவில்லை. போடாமல் விடுவது எல்லாவற்றையும் விட லேசான வேலை.

சிங்களத்துக்கு இலங்கைக் கொடியும் தமிழுக்கு வெளிநாட்டுக் கொடியும் என்பது இங்கே வாழ்கிற எங்களுக்குப் புதிதான வசனமும் இல்லை. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம். 1987 இல் 13ஆம் திருத்தம் வந்த பிறகுதான் "தமிழும்" அரசகரும மொழி. அந்த "உம்"மில் தொங்கிக்கொண்டுதான் இவ்வளவு காலமும் நிற்கிறோம். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கொடியில் எங்களுக்கு ஒரு செம்மஞ்சள் கோடு, அவர்களுக்கு ஒரு பச்சைக் கோடு என்று பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவை. கோடு இருக்கு, மொழிப்பட்டியலில இடம் இல்லை.

சரி, கொடியை எடுத்தாச்சு. அடுத்து அடைப்புக்குறி. "தமிழ் (இந்தியா)" என்று போடுவதா, "தமிழ் (இலங்கை)" என்று இன்னொன்று திறப்பதா?

உண்மையைச் சொன்னால் முதல் கிழமை நான் "இலங்கை" என்று தனியாக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். காரணமும் இருக்கிறது. நாங்கள் கணனி என்கிறோம், அங்கே கணினி. நாங்கள் ஓகஸ்ட், ஒக்டோபர். அவர்கள் ஆகஸ்ட், அக்டோபர். எங்களுக்குச் சாரதி அனுமதிப்பத்திரம், அவர்களுக்கு ஓட்டுநர் உரிமம். நாங்கள் நிகழ்நிலை என்று எழுதுகிறோம் (2024 இல் வந்த சட்டத்துக்கே நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்றுதான் பெயர்), சென்னையில் இருப்பவருக்கு அந்தச் சொல்லே விளங்காமல் போகலாம். அந்தச் செயலியின் நன்கொடைப் படிவத்தில் "மாநிலம்" என்று ஒரு கட்டாயப் பெட்டி இருந்தது. எந்த மாநிலம்? எங்களிடம் மாகாணம்தான் இருக்கு, அதுவும் தேர்தல் வைக்காத மாகாணம்.

ஆனால் பிறகு கொஞ்சம் தேடிப் பார்த்தபோது மனம் மாறியது. மொசில்லாவின் மொழிப்பட்டியலில் ஒரு காலத்தில் "தமிழ்", "தமிழ் (இலங்கை)" என்று இரண்டு இருந்தன. இன்றைக்குப் பயர்பொக்ஸைத் தமிழில் தரவிறக்கப் போனால் இருப்பது "தமிழ்" ஒன்றுதான். இரண்டு வீடு கட்டி இரண்டையும் கூட்டித் துடைக்க ஆள் வேண்டும். தன்னார்வத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் எத்தனை பேர்? ஒரு திட்டத்துக்கு மூன்று பேர் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். அந்த மூன்று பேரையும் கடலுக்கு இரண்டு பக்கமும் பிரித்துவிட்டால் இரண்டு பக்கமும் அரைகுறை.

யூனிகோட் அமைப்பு வைத்திருக்கிற பொதுத் தரவுத்தொகுப்பிலும் தமிழுக்குக் கீழே இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று நாலு பிரிவு இருக்கிறது. அதில் இலங்கைத் தமிழுக்கென்று என்ன வித்தியாசமாக இருக்கிறது என்று ஆசையாகப் போய்ப் பார்த்தேன். நேரத்தை 24 மணித்தியாலக் கணக்கில் காட்டுவது மாதிரி ஒன்றிரண்டு சின்ன விசயம். எங்கட தனித்துவம் பின்னேரம் நாலு மணியை பதினாறு எண்டு சொல்லுறதாம். கணனி, ஒக்டோபர் எல்லாம் போய் யாரும் எழுதிச் சேர்க்கவில்லை, அதனால் அவை அங்கே இல்லை.

எனவே என் நிலைப்பாடு இப்ப இது. உள்ளே இருக்கிற எழுத்து உண்மையாகவே இரண்டாக இருந்தால் இரண்டு பெயர் போடுங்கள். போர்த்துக்கேய மொழியில் பிரேசிலுக்கும் போர்த்துக்கலுக்கும் தனித்தனிக் குழு, தனித்தனி மொழிபெயர்ப்பு, சொற்களும் வேறு. அங்கே இரண்டு பெயர் நியாயம். சீனத்தில் பிரிவு எழுத்தில் இருக்கிறது, எளிதாக்கிய எழுத்து, மரபு எழுத்து என்று. அதை நாட்டின் பெயரால் சொன்னால் தாய்வானையும் ஹொங்கொங்கையும் வைத்துத் தேவையில்லாத சண்டை வரும், எழுத்தின் பெயரால் சொன்னால் பிரச்சினை இல்லை. ஆனால் ஒரே ஒரு தமிழ் மொழிபெயர்ப்புத்தான் இருக்கிறது என்றால் அதற்கு "தமிழ்" என்று மட்டும் போடுங்கள். அடைப்புக்குறியும் நாடும் வேண்டாம். ஒன்றே ஒன்று இருக்கும்போது "(இந்தியா)" என்று போட்டால் மற்ற எல்லாரையும் பார்த்து "இது உங்களுக்கு இல்லை" என்று சொல்வது மாதிரி. "(இலங்கை)" என்று போட்டாலும் அதே கதைதான், கோயம்புத்தூரில் இருக்கிற பிள்ளை என்ன பாவம் செய்தது?

இனி வெளியில் தெரியாத பெயர்ப்பலகை. ஒவ்வொரு இணையப் பக்கத்தின் உள்ளேயும், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், இந்தப் பக்கம் இன்ன மொழி என்று ஒரு குறி எழுதவேண்டும். தமிழுக்கு ரி-ஏ, சிங்களத்துக்கு எஸ்-ஐ. எல்-கே என்பது இலங்கை என்ற நாட்டின் குறி, மொழியின் குறி இல்லை. இதைக் குழப்புகிற ஆக்கள் நிறைய. ஸ்ரீலங்காதானே என்று எஸ்-எல் போட்டால் மொழிக் குறியில் அது சுலோவேனிய மொழி, நாட்டுக் குறியில் சியரா லியோன். ஆங்கில எழுத்தில் அடிக்கிற தமிழுக்குக்கூட முறைப்படி ஒரு குறி எழுதலாம், தமிழின் குறியோடு இலத்தீன் எழுத்து என்பதற்கான நாலெழுத்தைச் சேர்த்து. எங்கட வட்ஸ்அப் குறூப் எல்லாம் அந்தக் குறிக்குக் கீழதான் வரும்.

இது என்னத்துக்கு? எங்கட பீடத்தில் பார்வை இல்லாத அண்ணா ஒருவர் இருக்கிறார். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் வைத்துத்தான் படிக்கிறார், அதில் தமிழ்க் குரலும் உண்டு. பக்கத்தில் சரியான குறி இருந்தால் குரல் தானாகவே தமிழுக்கு மாறும். அந்தச் செயலியின் தமிழ்ப் பக்கத்தை அவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். உள்ளே குறி ஆங்கிலம் என்றே இருந்தது, மாற்ற மறந்திருக்கிறார்கள். ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்துகளைப் பார்த்துத் திணறியது. குறியைத் தமிழ் என்று மாற்றினோம். இப்ப கீழே இருந்த ஆங்கிலப் பந்திகளைத் தமிழ்க் குரல் வாசிக்கத் தொடங்கியது. அண்ணா ஹெட்போனைக் கழட்டி மேசையில் வைத்துவிட்டு, "தங்கச்சி, இதுக்கு முந்தினதே பரவாயில்லை" என்றார். பக்கம் முழுவதற்கும் ஒரு குறி, நடுவில் மொழி மாறுகிற ஒவ்வொரு துண்டுக்கும் வேறு குறி. அணுகல்தன்மைக்கான சர்வதேச வழிகாட்டியில் இது இரண்டும் இருக்கிறது, முதலாவது ஆகக் கீழ் மட்டத் தேவையாகவே இருக்கிறது. நாங்கள் கண்ணால் பார்த்து "ஓ, இது ஆங்கிலம்" என்று தாண்டிப் போகிற இடத்தில் அவர் சுவரில் முட்டுகிறார்.

கடைசியாக, எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுவது. "தமிழ்" என்ற பெயரை அழுத்தினால் தமிழ் வரவேண்டும். எங்கட நாட்டில் எத்தனை அரச இணையத்தளத்தில் மேலே மூன்று மொழிப் பொத்தான் அழகாக நிற்கிறது, நடுப் பொத்தானை அழுத்தினால் ஆங்கிலமோ வெறும் பக்கமோ வருகிறது? மூன்று பொத்தானும் சட்டத்துக்குக் காட்ட. மென்பொருள் திட்டங்களிலும் இதே வியாதி வேறு காரணத்துக்காக இருக்கிறது: "நாங்கள் எண்பது மொழியில் இருக்கிறோம்" என்று முகப்பில் பெருமையாகப் போட ஆசை. மொழிபெயர்ப்பு இயந்திரத்துக்குள் கொடுத்து எடுத்தால் ஒரு பின்னேரத்தில் எண்பது மொழி. "விட்டுச் சென்றது" அப்படி வந்ததுதான். லெஃப்ட் என்ற சொல்லைத் தனியாகக் கொடுத்தால் இயந்திரம் திசையா வினையா என்று எப்படிக் கண்டுபிடிக்கும்?

இயந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் பாவிக்கிறேன், முதல் வரைவுக்கு. ஆனால் "இது இயந்திரம் செய்தது, யாரும் சரிபார்க்கவில்லை" என்று ஒரு வரி எழுதுங்கள். "தமிழ், பாதிக்கும் குறைவு" என்று எழுதுங்கள். டெபியன் காரர் இதில் நேர்மையான ஆக்கள். ஒவ்வொரு மொழிபெயர்ப்பும் மூலப் பக்கத்தின் எந்தப் பதிப்பிலிருந்து செய்யப்பட்டது என்று உள்ளே குறித்து வைக்கிறார்கள், மூலம் மாறி மொழிபெயர்ப்பு நன்றாகப் பழசாகிவிட்டால் பக்கத்தின் மேலேயே அறிவித்தல் போடுகிறார்கள். வாசிப்பவர் ஏமாற மாட்டார். அதைவிட, அந்த அறிவித்தலைப் பார்க்கிற யாரோ ஒருவர் "நான் செய்யிறன்" என்று வரவும் வழி இருக்கு. முழுசாக இருப்பது மாதிரி நடிக்கிற பக்கத்துக்கு உதவி கேட்டு யார் வருவார்?

"சும்மா செய்து தாறாங்கள், அதிலயும் குறை சொல்லுறியா?" என்று என் விஞ்ஞான பீடச் சிநேகிதனே கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் நான் கேட்கிறவற்றில் பாதி வேலையைக் குறைக்கிறவை. கொடிப் படங்களை அழிக்கச் சொல்கிறேன், அடைப்புக்குறியை எடுக்கச் சொல்கிறேன், இல்லாத மொழிபெயர்ப்பை இருக்கிறது என்று சொல்லாமல் விடச் சொல்கிறேன். சும்மா கிடைக்கிற சாப்பாடு என்றாலும் மீன் கறிச் சட்டியில் மரக்கறி என்று எழுதி வைக்கக்கூடாதுதானே.

எல்லாவற்றையும் என் அரைகுறை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது, எதிர்பார்த்ததைவிட மரியாதையாக. கொடிகள் ஒரே நாளில் போய்விட்டன. பெயர்கள் அந்தந்த எழுத்தில் வந்தன. ஆனால் "இந்தியா" மட்டும் போகவில்லை. முதலில் மொழிபெயர்த்தவர் அந்தக் குறியின் கீழ்தான் செய்திருக்கிறார், அவரைக் கேட்காமல் மாற்ற முடியாது என்றார்கள். அவர் மதுரைக்காரர். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். குரல் அழைப்பில் வந்தவர் என் முழு உரையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அட, நான் எங்கம்மா இந்தியான்னு போட்டேன்? அந்த லிஸ்ட்ல தமிழ்னு தேடினா அது ஒண்ணுதான் வந்துச்சு. எடுத்துருங்க, எனக்கென்ன." அவருக்கும் அந்த இயந்திரத் தமிழைப் பார்த்து என்னைவிடக் கோபம், அது அவருடைய வேலையின் மேல் யாரோ கொட்டியது.

இப்ப பட்டியலில் "தமிழ்" என்று மட்டும் இருக்கிறது, பக்கத்தில் எவ்வளவு முடிந்தது என்ற கணக்கோடு. இயந்திரம் செய்த பகுதிகளுக்கு அடையாளம் போடுவது பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பழைய வரிகளில் பாதியை அண்ணாவும் நானும் திருத்திவிட்டோம், ஹட்டன்காரியும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து இருக்கிறாள். ஒரு சொல்லில் மட்டும் மூன்று கிழமையாக நிற்கிறோம். நான் "கணனி" என்கிறேன், அவர் "கணினி" என்கிறார், அவள் "பேசாம கம்பியூட்டர்னு போடுங்க" என்கிறாள். அந்த வரி இன்னும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது.